இஎன்டி ஹெட்லைட்: பத்தாயிரத்துக்குள் எது தேறும்?

மலைக்கோட்டை (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ். இஎன்டி (காது, மூக்கு, தொண்டை) முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஓபியில் பக்கத்தில் நிற்கும் புல்ஸ் ஐ லாம்பின் வெளிச்சத்தை, நெற்றியில் கட்டிய ஹெட் மிரர் என்ற குழியாடியால் திருப்பித்தான் பார்க்கிறோம். அங்கே குறை ஒன்றும் இல்லை. ஆனால் வார்டு ரவுண்ட்ஸ் போகும்போதும், ராத்திரி கேஷுவால்டிக்கு மூக்கில் ரத்தம் கொட்டிக்கொண்டு ஒருவர் வரும்போதும் அந்த லாம்பைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஒரு கையில் மூக்கை விரித்துப் பிடிக்கும் துடிக்கம் ஸ்பெகுலம், மறு கையில் ரத்தத்தை உறிஞ்சும் சக்‌ஷன். டார்ச்சை யார் பிடிப்பது? சிஸ்டர் பிடித்தால் அவருக்குத் தெரிகிற இடத்தில் வெளிச்சம் விழுகிறது, எனக்கு வேண்டிய இடத்தில் விழுவதில்லை.

சீனியர்கள் சிலர் தலையில் கட்டும் வெளிநாட்டு ஹெட்லைட் வைத்திருக்கிறார்கள். விலை லட்சத்தைத் தொடுகிறது. மலையேறுகிறவர்கள் போடும் ஹெட்லாம்ப் இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்கே வருகிறது, 1000 லூமென் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அம்பாலா தயாரிப்புகள் சில ஆயிரத்தில் இருக்கின்றன. மலையேற்ற விளக்கே போதுமா, இல்லை கொஞ்சம் சேர்த்து வைத்து நல்லதாக வாங்கலாமா? பத்தாயிரம்தான் என் எல்லை.

வைகைக்கரை (மதுரை)

நான் மலையேற்ற விளக்குதான் வைத்திருக்கிறேன். டான்சில் பார்க்க, மூக்கின் முன்பகுதி பார்க்க, கழுத்துத் துளையில் மூச்சுக்காக வைக்கும் டிரக்கியாஸ்டமி டியூப் மாற்ற நன்றாகவே உதவுகிறது. காதுக்கு மட்டும் சரிவரவில்லை. இத்தனைக்கும் கண் கூசுகிற அளவுக்கு வெளிச்சம். ஏன் என்று யாராவது சொன்னால் நல்லது.

தென்பொருநை (திருநெல்வேலி)

கோணம்தான் காரணம், தம்பி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மலையேற்ற விளக்கு நெற்றியில் உட்காருகிறது, அதாவது கண்ணுக்கு 5 செ.மீ. மேலே. நாம் காதைப் பார்ப்பது ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்திலிருந்து. அப்படியானால் ஒளி உங்கள் பார்வையை விட்டு 30 செ.மீ.க்கு 5 செ.மீ. சரிந்து வருகிறது. காதில் வைக்கும் புனல் போன்ற ஸ்பெகுலத்தின் குறுகிய கழுத்தும், அதைத் தாண்டிச் செவிப்பறை வரை இருக்கும் கால்வாயும் சேர்த்து 3 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 3 செ.மீ.க்குள் ஒளி 5 மி.மீ. விலகிவிடும். ஸ்பெகுலத்தின் நுனித் துளையே 4, 5 மி.மீ. தானே! உங்கள் கண் போகிற வழியில் வெளிச்சம் போகவே இல்லை. பாதியிலேயே சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. 1000 லூமென் இருந்தாலும் 5000 லூமென் இருந்தாலும் கால்வாய்ச் சுவர்தான் பளபளக்கும், செவிப்பறை இருட்டாகவே இருக்கும். தொண்டை அகலமான இடம், அதனால் அங்கே இந்தச் சரிவு தெரிவதில்லை.

ஹெட் மிரரின் நடுவில் 19 மி.மீ. துளை எதற்கு என்று மாணவர்களிடம் கேட்டால் பார்ப்பதற்கு என்கிறார்கள். பார்வையும் ஒளியும் ஒரே கோட்டில் போவதற்கு என்று சொன்னால்தான் முழுப் பதில். ஜெர்மானிய மருத்துவர் ஹோஃப்மன் 1841இல் துளையிட்ட ஆடியைக் காதுக்குப் பயன்படுத்தியதை எழுதினார். 1855இல் ஃபான் டிரோல்ச் அதைப் பரவலாக்கினார். அதற்கப்புறம் வந்த எந்த விளக்கும் இந்த ஒரு விஷயத்தில் அந்த ஆடியைத் தாண்டவில்லை, அதிகம் போனால் நெருங்கியிருக்கிறது.

அதனால் எதை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது, விளக்கின் தலை இரண்டு கண்ணுக்கும் நடுவே, மூக்குத்தண்டுக்குச் சற்று மேலே இறங்கி வருமா என்பது. பார்வைக் கோட்டுக்கு 2 செ.மீ.க்குள் வந்துவிட்டால் மேலே சொன்ன 5 மி.மீ. விலகல் 2 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். அது போதும், காது பார்க்கலாம்.

கடைக்குப் போகும்போது 4 மி.மீ. காது ஸ்பெகுலம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதன் நுனிக்கு 1.5 செ.மீ. அப்பால் செய்தித்தாளைப் பிடித்து, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்பெகுலம் வழியாக எழுத்தைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாத விளக்கைக் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம்.

வைகைக்கரை (மதுரை)

இப்போது புரிகிறது சார். நன்றி. என் விளக்கைக் கீழே இறக்கிக் கட்டிப் பார்த்தேன், மூக்கை மறைக்கிறது. அந்த அளவுக்குப் பெரிய தலை அதற்கு.

கொங்குச்சுற்று (கோவை)

நான் மருத்துவன் இல்லை, மின்னணுப் பொறியாளர். மனைவி இஎன்டி. அவருக்கு விளக்கு வாங்கும்போது பல மாடல்களைப் பிரித்தே பார்த்தேன். தென்பொருநை சார் சொன்ன கோணத்துக்கு அடுத்தபடியாக மூன்று விஷயங்கள் என் கண்ணில் பட்டன.

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. உங்களுக்கு வேண்டியது செவிப்பறையில் விழுகிற ஒளி, அதை லக்ஸில் அளக்கிறோம். 100 லூமெனை ஒரு நல்ல லென்ஸால் 4 செ.மீ. வட்டத்தில் குவித்தால், சிதறி அடிக்கும் 1000 லூமெனை விட அதிக வெளிச்சம் கிடைக்கும். மேலும் சின்ன ஹெட்லாம்ப்களில் அந்த 1000 என்பது பெரும்பாலும் ஆரம்பத்தில் சில நிமிடங்களுக்குத்தான். எல்இடி சூடேறியதும் உள்ளே இருக்கும் சுற்று தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். எல்இடி சூடாகாது என்று கடையில் சொல்வது சரியில்லை. சூடு முன்பக்கம் வராமல் பின்பக்கம் போகிறது, அவ்வளவுதான். அதனால் விளக்கின் தலை அலுமினியமா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் அரைமணி நேர ஓபி தாங்காது.

அடுத்தது நிறம். இதை யாரும் கேட்பதே இல்லை, எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான எல்இடியில் சிவப்பு மிகக் குறைவு. சிஆர்ஐ என்ற நிறத்தர எண் அதில் 70 பக்கம் இருக்கும். நல்லதில் 90க்கு மேல். அதிலும் ஆர்9 என்ற தனி எண், அடர்சிவப்பு எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைச் சொல்கிறது. நீங்கள் நாள் முழுக்கப் பார்ப்பது சிவப்புக்குள் சிவப்பைத்தானே! மனைவி ஒரு மலிவு விளக்கில் பார்த்துவிட்டு, சாதாரணச் செவிப்பறைக்கும் லேசாகச் சிவந்ததற்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றார். சிஆர்ஐ 90க்கு மேல், நிற வெப்பநிலை 4000 முதல் 5500 கெல்வின் வரை இருக்கும் விளக்கைத் தேடுங்கள். பெட்டியில் போடவில்லை என்றால் தயாரிப்பாளரிடம் தொலைபேசியில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

பேட்டரி பற்றி அப்புறம் தனியாக எழுதுகிறேன், அது நீளும்.

குறிஞ்சி (கூடலூர்)

நிறம் பற்றிச் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காது முகாம் போடுகிறோம். நடுக்காதில் நீர் கோத்த பிள்ளைக்கு வலியும் இருக்காது, சீழும் இருக்காது. பாடத்தைக் கவனிப்பதில்லை என்று ஆசிரியர் சொல்லிக் கூட்டி வருவார். செவிப்பறை மங்கி, தேன் நிறத்துக்கு மாறியிருக்கும். அதை வைத்துத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம். நீலம் தூக்கலான விளக்கில் அந்தத் தேன் நிறம் சாம்பலாகத் தெரிந்துவிட்டால் பிள்ளையை அனுப்பிவிடுவோம், அது இன்னொரு வருடம் காது கேட்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

2007இல் தேசியக் காதுகேளாமைத் தடுப்புத் திட்டம் தொடங்கியதிலிருந்து முகாம்கள் கூடியிருக்கின்றன. உலகில் 43 கோடிப் பேருக்குக் கேட்கும் திறனுக்கான மறுவாழ்வுச் சிகிச்சை தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பெரும்பாலானோர் நம்மைப் போன்ற நாடுகளில்தான் இருக்கிறார்கள். ஆனால் முகாமுக்குப் போகிற டாக்டரின் தலையில் என்ன விளக்கு இருக்கிறது என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்று. மின்சாரம் இல்லாத இடத்தில் ஹெட் மிரரையும் ஜன்னல் வெளிச்சத்தையும் வைத்தே பார்க்கலாம். பாட்டு ஆசிரியரான மானுவேல் கார்சியா 1854இல் தன் குரல்நாணைத் தானே பார்த்தது வெயிலை ஆடியில் திருப்பித்தான். ஆனால் நேரடி வெயிலில் குழியாடியைத் திருப்பாதீர்கள். அது ஒளியோடு சூட்டையும் குவிக்கும், பிள்ளையின் முகம் சுட்டுவிடும். வெளிச்சமான வானத்தைப் பார்த்த ஜன்னல் போதும்.

பாலாறு (வேலூர்)

எல்லோரும் ஹெட்லைட் பற்றியே பேசுகிறீர்கள். என் கேள்வி, அந்தப் பணத்தை ஏன் எண்டோஸ்கோப்புக்கு (உள்ளே விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாய்) சேர்த்து வைக்கக் கூடாது? 4 மி.மீ. தடிமனுள்ள, நேராகப் பார்க்கும் ஸீரோ டிகிரி எண்டோஸ்கோப்பில் பார்த்தால் செவிப்பறை முழுவதும் ஒரே பார்வையில் திரையில் வருகிறது. நோயாளிக்கே காட்டலாம், படம் எடுத்து வைக்கலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஆர்க்லைட் என்ற, காது பார்க்கும் சின்ன ஓட்டோஸ்கோப் சூரிய ஒளியிலேயே சார்ஜ் ஆகிறது, விலையும் குறைவு. இன்னும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா?

குறிஞ்சி (கூடலூர்)

பார்ப்பதற்கு எண்டோஸ்கோப் அருமை, அதில் மறுபேச்சே இல்லை. ஆர்க்லைட்டும் செவிலியர் கையில் கொடுக்க ஏற்ற பொருள். ஆனால் நாம் பார்ப்பதோடு நிற்பதில்லையே.

நான்கு வயதுப் பிள்ளை காதில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. தண்ணீர் அடித்து எடுக்கக் கூடாது, விதை ஊறிப் பெருத்துவிடும். ஒரு கையால் காது மடலை இழுத்து ஸ்பெகுலத்தைப் பிடிக்க வேண்டும், மறு கையில் விதையை வெளியே இழுக்கும் ஜாப்சன் ஹார்ன் ப்ரோப். இதில் எண்டோஸ்கோப்பைப் பிடிக்கக் கை ஏது? அப்புறம் ஆழம். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது விதைக்குப் பின்னால் ப்ரோப் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். திரையில் எல்லாம் தட்டையாகத் தெரியும். அழுகிற பிள்ளையின் காதில் அந்த அரை மில்லிமீட்டர் பெரிய விஷயம். ரத்தம் நிற்க மூக்கில் பேக்கிங் வைப்பதும், டான்சிலை ஒட்டிய சீழ்க்கட்டியான குயின்சியைக் கீறுவதும் இப்படித்தான்.

பாலாறு (வேலூர்)

அந்த வேலைகளுக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிஜி முடித்து கிளினிக் தொடங்குகிறவருக்கு எண்டோஸ்கோப்தான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

பண்ணைப்பாலம் (யாழ்ப்பாணம்)

வணக்கம். இங்கே நாங்கள் படித்ததும் ஹெட் மிரரில்தான். 2022 பங்குனிக் (மார்ச்) கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஜெனரேற்றர் இருக்கிற இடத்திலும் மின் போய் அது எடுக்கிற வரைக்கும் ஒரு இடைவெளி இருக்கும். டான்சில் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரத்தம் கசிகிற பிள்ளையை மேசையில் வைத்துக்கொண்டிருக்கும்போது அந்த இடைவெளி மிக நீளமாகத் தெரியும். கண்ணாடி இழைகள் வழியாக ஒளியைக் கொண்டுவரும் ஃபைபர் ஒப்ரிக் ஹெட்லைட் வெளிச்சத்தில் மிக நல்லது, ஆனால் அதன் வால் மின் பெட்டியில் கட்டியிருக்கிறது. மின் போனால் எல்லாம் போச்சு. அதற்குப் பிறகு பற்றரி ஹெட்லைட் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

இலங்கை ரூபாயின் மதிப்பு விழுந்த பிறகு இறக்குமதி விளக்கு எங்களுக்கு எட்டாத விலை. அதனால்தான் இந்தப் பேச்சை ஆவலாய் வாசிக்கிறேன். லைஃப்பாக்ஸ் என்ற அமைப்பு, முன்பு வசதி குறைந்த நாடுகளுக்கு மலிவான பல்ஸ் ஒக்ஸிமீற்றர் கொண்டுவந்தவர்கள், அறுவை ஹெட்லைட்டிலும் இறங்கியிருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக் கூட வேலைக்கு விளக்குத் தேடுபவர்கள் அதையும் பார்க்கலாம்.

பழைய ஃபைபர் ஹெட்லைட் இரண்டாம் கையாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வயரின் ஒரு முனையை ஜன்னல் பக்கம் காட்டி மறு முனையைப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அத்தனையும் முறிந்த இழைகள். கால்வாசி கறுத்திருந்தால் வேண்டாம். அதோடு, எரிகிற ஃபைபர் வயரின் முனையைக் கழற்றி நோயாளியைப் போர்த்தும் ட்ரேப் துணி மேல் வைக்கவே கூடாது. அது துணியைப் பற்றவைக்கும்.

கொங்குச்சுற்று (கோவை)

பேட்டரி பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். தலையில் ஏறுகிற பொருள் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மலிவு விளக்குகளில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல் இருக்கும். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், அந்த எண்ணே அளவுதான். நல்ல செல் ஒன்றின் கொள்ளளவு 2000 முதல் 3500 மில்லி ஆம்பியர் மணி வரை. மேலே 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய், அப்படி ஒன்று இந்த அளவில் கிடையாது. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் பக்கம் வரும். 30 கிராம் காட்டினால் உள்ளே பாதி காலி.

பேட்டரி இடுப்பிலோ சட்டைப் பையிலோ இருந்து, ஒயர் மட்டும் தலைக்குப் போகிற மாடலே நல்லது. தலையிலும் பாரம் குறையும், செல் கெட்டுச் சூடானாலும் மண்டைக்கு அருகில் இருக்காது. அதிக மின்னோட்டம் போனால் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா என்று கேளுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே தலையில் அணிவது கூடவே கூடாது. மட்டமான சார்ஜரில் வீட்டு மின்சாரம் நேராக உங்கள் நெற்றிக்கு வரலாம், உங்கள் கையிலிருக்கும் உலோகக் கருவி வழியாக நோயாளிக்கும் போகலாம்.

கடையில் இன்னொரு சோதனை: விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து மொபைல் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், அந்த விளக்கு வேகமாக அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. நாள் முழுக்க அதில் பார்த்தால் கண்ணும் தலையும் வலிக்கும் என்கிறார் மனைவி.

வைகைக்கரை (மதுரை)

சார், நானே செய்தால் என்ன? சென்னை ரிச்சி தெருவில் நல்ல எல்இடி, லென்ஸ், மின்னோட்டத்தைச் சீராக்கும் டிரைவர் சுற்று எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் நடுவில் ஒட்டினால் கோணமும் சரியாகிவிடும். ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்துவிடும் போலிருக்கிறது.

தென்பொருநை (திருநெல்வேலி)

வீட்டில் செய்து பாருங்கள். நிறையக் கற்றுக்கொள்வீர்கள், அதைத் தடுக்க மாட்டேன். ஓபியில் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகாதீர்கள். அங்கே மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் காட்டரி இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, மயக்கத்தில் ஒருவர் படுத்திருக்கிறார். நம் ஒட்டு வேலை கழன்று காயத்தில் விழுந்தால் என்ன செய்வது? மருத்துவ மின்கருவிகளுக்கு ஐஇசி 60601 என்று ஒரு தரம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

கொங்குச்சுற்று (கோவை)

முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். இந்தத் தரச் சான்று இல்லாமலே விற்கிற விளக்குகள் கடையில் ஏராளம், அவற்றை விடக் கவனமாகச் செய்த ஒன்று பாதுகாப்பானதாகவே இருக்கும். ஆனால் தியேட்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. நான் மனைவிக்குச் செய்து கொடுத்ததும் கிளினிக்கோடு நிற்கிறது.

மலைக்கோட்டை (திருச்சி)

அனைவருக்கும் மிக்க நன்றி. ஸ்பெகுலத்தோடு போய்ச் சில மாடல்களைப் பார்த்தேன். ஒன்றில் எழுத்துத் தெளிவாகப் படிக்க முடிந்தது. இடுப்பில் பேட்டரி, அலுமினியத் தலை, எட்டாயிரம் சொல்கிறார்கள். சிஆர்ஐ கேட்டிருக்கிறேன், கம்பெனியில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இரண்டு சந்தேகம். குரல்நாணைப் பார்க்கத் தொண்டைக்குள் விடும் ஐடிஎல் கண்ணாடியை புல்ஸ் ஐ லாம்பின் சூட்டில் காட்டித்தான் பனி படியாமல் பார்த்துக்கொள்கிறோம், ஹெட்லைட்டுக்கு மாறினால் என்ன செய்வது? அப்புறம், மூக்கைப் பார்க்கும்போது வெளிச்சம் நோயாளியின் கண்ணில் அடிக்குமே?

தென்பொருநை (திருநெல்வேலி)

வெந்நீரில் முக்கித் துடையுங்கள், அல்லது ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடிப் பக்கத்தை லேசாகக் காட்டுங்கள். எப்படிச் சூடு காட்டினாலும் உங்கள் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொண்டைக்குள் கொண்டுபோக வேண்டும்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், குழந்தை என்றால் அதன் கண்ணைக் கையால் மறைக்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். ஒளி வட்டத்தைச் சுருக்கும் வசதி இருந்தால் மூக்குத் துவாரம் அளவுக்குச் சுருக்கிவிட்டால் பிரச்சினையே இல்லை. வாங்குகிற மாடலில் அது இருக்கிறதா பாருங்கள். காதுக்கு 3, 4 செ.மீ. வட்டம், டான்சிலுக்கு 8 செ.மீ. வரை விரிந்தால் எல்லாவற்றுக்கும் பயன்படும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விற்கிறவரிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டு வருடம் கழித்து பேட்டரியும், தலைப்பட்டைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும், மடங்கி மடங்கி முறியும் அந்த ஒயரும் தனியாகக் கிடைக்குமா? என் அனுபவத்தில் முதலில் போவது ஒயர்தான். விலை உயர்ந்த விளக்குகள் பல, உதிரி கிடைக்காமல் பீரோவுக்குள் போய்விட்டன. எங்கும் கிடைக்கிற 18650 செல் போடுகிற மாடல் என்றால் எட்டாயிரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

பண்ணைப்பாலம் (யாழ்ப்பாணம்)

தம்பி, வாங்கினால் மாடலின் பெயரை இங்கே போடுங்கோ. எனக்கும் இரண்டு தேவை. சொந்தக்காரர் ஒருவர் அடுத்த மாதம் சென்னையிலிருந்து வருகிறார், அவரிடம் கொடுத்துவிட முடியுமா? பற்றரியை விமானத்தில் விடுவார்களோ தெரியவில்லை.

கொங்குச்சுற்று (கோவை)

விடுவார்கள். ஒரு 18650 செல் 11 வாட் மணி அளவுதான், பயணிகளுக்கான எல்லை 100 வாட் மணி. ஆனால் தனிச் செல்களைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கையோடு எடுத்துப்போகும் பையில்தான் வைக்க வேண்டும். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.